பொன்னுரங்கத்தின் கை நடுக்கம்

வடக்கனந்தல் பக்கம் கரும்பு வெட்டுகிற ஆட்களில் பொன்னுரங்கத்துக்கு ஈடு கிடையாது. முப்பது வருஷமாக அவன் அரிவாள் பட்ட கரும்பின் அடிக்கட்டை தரையோடு தரையாகத்தான் இருக்கும். சொந்தமாகக் கால் காணி இல்லை. இருந்த சொத்து அந்தக் கையும் கொஞ்சம் வீம்பும்தான்.

ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. விடிகாலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு கரும்புக் கொல்லைக்கு வேலைக்கு ஓடுவான். பத்து மணி வாக்கில் கை வெடவெடக்கும், நெஞ்சு படபடக்கும். ஒரு கரும்பை ஒடித்து இரண்டு கணு கடித்தால் சரியாகிவிடும். சர்க்கரைக்காரன் கரும்பு தின்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா?

போன தை மாதம் நெஞ்சு வலிக்கு டாக்டரம்மா புது மாத்திரை எழுதினார். "சர்க்கரை எப்பவாவது இறங்கிப் போவுதா? நடுக்கம் வருதா?" என்று கேட்கத்தான் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். அதற்கப்புறம் நடுக்கமே வரவில்லை. வியாதியே விட்டுப்போயிற்று என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கரும்பு கடிப்பதையும் விட்டான்.

பத்தாம் நாள், வெட்டி முடித்த கட்டையையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வேர்வை. "காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்று மேஸ்திரி சிரித்தார். அவன் குடிக்காதவன் என்பது அவனோடு வேலை செய்யும் பெண்டாட்டி சின்னப்பொண்ணுக்குத் தெரியும். "இன்னா மாமா பண்ற?" என்று ஓடிவந்து தோளைத் தொட்டாள். யாரென்று தெரியாமலே அரிவாளை வீசினான். அவளுடைய இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

ஒரே ஆம்புலன்சில் இருவரும் போனார்கள். அவனுக்குச் சர்க்கரை நாற்பதுக்கு இறங்கி, புத்தி தடுமாறியிருந்தது. "நெஞ்சு மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைச்சிடும். வேர்வை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். கரும்பு கடிச்சதை அன்னைக்கே சொல்லியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேனே" என்றார், கரும்புக் கதையை அவன் வாயாலேயே கேட்ட டாக்டரம்மா. சர்க்கரை மாத்திரையைக் குறைத்தார். எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது என்றார்.

"திட்டுவீங்கன்னு பயந்துட்டேங்க." பொன்னுரங்கம் தலை நிமிரவே இல்லை.

கரும்புக் கொல்லையில் வேர்க்காதவன் யார்? வேர்வையை நம்பி என்ன செய்வது? இப்போது சின்னப்பொண்ணு வயிறு நிறையக் கூழ் ஊற்றித்தான் அவனைக் கூட்டிவருகிறாள். அரைமணிக்கொரு தரம், "மாமா, இன்னிக்கு இன்னா கெழம?" என்று குரல் கொடுக்கிறாள். கூட இருக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும், மிச்சமிருக்கும் மூன்று விரலில் கரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். அவன் கையில் அரிவாள் இருக்கிறதே என்று ஒருநாளும் நின்றதில்லை.