மெஷின் எழுதிய இம்போசிஷன்

எழுபதுகளின் கடைசியில், கிண்டியில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் எனக்கு வேலை. மெஷினில் இருந்த எல்லா ஃபைல்களின் பெயரையும் பட்டியலிட ஒரு புரோகிராம் எழுதினேன். ஃபைல் வந்தால் பெயரை அச்சடிக்க வேண்டும். ஃபோல்டர் வந்தால் அதன் பெயரையும் அச்சடித்து, உள்ளே போய் அங்கேயும் இதையே செய்ய வேண்டும். சில வரிகளில் முடித்துவிட்ட கர்வத்தில், அதை ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பிரின்டரின் காலடியில் காகிதம் குவிந்து கிடந்தது. வரிக்கு வரி ஒரே பெயர். அந்த மெஷினில் ஒவ்வொரு ஃபோல்டரும் தன் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொள்ளும். அதை மறந்துவிட்டேன். புரோகிராம் ஒரே ஃபோல்டருக்குள் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா சார், மாட வீதியில தேரு மாதிரி சுத்திக்கினே கீது?" என்றார் ஆபரேட்டர். எனக்கு எரிச்சலாக வந்தது. ஃபோல்டர் தன்னையே காட்டினால் தாண்டிப் போ என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது.

வீணான காகிதத்தை மயிலாப்பூர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் மகள் கணக்குப் போட்டாள். ஒருநாள் அதைத் திருப்பிப் பார்த்தவள், "அப்பா, உனக்கு யாரு இம்போசிஷன் குடுத்தா?" என்றாள்.

"நானேதான்" என்றேன்.

"நீ எங்க எழுதின? மெஷின்னா எழுதியிருக்கு! எங்க டீச்சரா இருந்தா இன்னும் நூறு தடவை எழுதச் சொல்லுவா."