அருவியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆளுநர்

ஒரு மாநில அரசைக் கலைக்கச் சொல்லி நெல்லையப்பன் அண்ணாச்சி டெல்லிக்கு அறிக்கை அனுப்பியது சரிதானா? கல்லூரியில் அரசியல் கற்பிக்கும் என்னிடம் இதற்கு இன்றுவரை பதில் இல்லை. அவர் இறந்த செய்தி தென்காசி பேருந்து நிலையத்தில் எனக்கு வந்து சேர்ந்தபோதும் முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கேள்விதான். அவரை அறிந்தவர்கள் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அச்சன்புதூரில் பிறந்து, லண்டனில் சட்டம் படித்து, வடகிழக்கில் ஒரு மலை மாநிலத்துக்கு ஆளுநராகப் போனவர். ஓய்வுக்குப் பின் எங்கள் கல்லூரிக்குப் பேச வந்தார். மேடையிலேயே அந்த அறிக்கையைப் பற்றிக் கேட்டேன். "சட்டப்படி சரிதாம்மா. மத்தத வீட்டுக்கு வந்து கேளுங்க" என்றார்.

போனேன். அதன்பின் ஒவ்வொரு சாரல் பருவத்திலும் குற்றாலத்தில் அவர் வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. மேகம் மாடியறைக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கும். பேசுகிறவரின் முகம் தெரிந்து மறையும். "அங்கயும் இப்படித்தான். மேகத்துக்குள்ள உக்காந்து கையெழுத்துப் போட்டேன். எதிர்ல இருந்த ஆளையே பாக்கல" என்றார் ஒருநாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, அவர் குளித்துக்கொண்டிருக்கையில் யாரோ ஒரு பிரமுகரின் ஆட்கள் அருவியைக் காலி செய்தார்கள். "ஏ பெருசு, குளிச்சது போதும், வெளிய வாரும்!" பெண்கள் பகுதியிலிருந்து நானும் அவர் மனைவியான மதினியும் வந்தபோது துண்டைப் பிழிந்தபடி நின்றார்.

"யாருன்னு சொல்லிருக்கலாம்லா?" என்று மதினி பொரிந்தார்.

"என்னன்னு சொல்ல? மாஜின்னா?" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "காரணம் சொல்லாம வெளிய போங்கான். அந்த முதலமைச்சருக்கும் இப்படித்தான இருந்திருக்கும்?"

அன்றிலிருந்து, பதவியிழந்த அந்த மனிதரோடு ஒருமுறை பேசிவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே விருப்பமாக இருந்தது.

"பேசி என்ன சொல்வீங்க அண்ணாச்சி? தப்புன்னா?" என்று கேட்டேன். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

"தப்பா சரியான்னு எனக்கே தெரியலயே. சாரல் விழுது, குளிக்க வாங்கன்னு கூப்பிடுதேன்."

"வருசா வருசம் இதையேதான் சொல்லுதிய. போன் என்ன கடிக்கவா செய்யும்?" என்றார் மதினி.

அவருடைய பட்டங்களையும் பதவிகளையும் மற்றவர்கள் எழுதுவார்கள். தான் செய்ததற்குச் சட்டம் துணை நின்றும், அதன் பின்னால் ஒளிந்துகொள்ளாத அந்தச் சங்கடத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

தகனத்துக்கு மறுநாள் காலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு முதிய குரல் தன் பெயரைச் சொன்னது. அந்த முன்னாள் முதலமைச்சர்; இறந்த செய்தியை நாளிதழில் படித்தாராம். போன மாதம் அண்ணாச்சி போன் செய்து, சாரலில் குளிக்க வரச் சொன்னாராம். இவர் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாராம். இன்னும் சாரல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு, எந்த ரயிலில் வர வேண்டும் என்று கேட்டார்.

சென்னைக்கு வந்து, அங்கிருந்து தென்காசிக்கு இரவு ரயில் என்றேன்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மதினி, மாடியறையைப் பெருக்கப் போனார்.