மொட்டையான சீமையகத்தி

திருமலையின் இடுப்பில் படர்தாமரை வந்தது போன சித்திரையில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பிக் கம்பெனியில் அவனுக்கு வேலை. துருப்பிடித்த கம்பிகளை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் ரப்பர் ஏப்ரன், கம்பூட்ஸ். உள்ளே வேர்வை ஊறிக் கிடந்தால் தாமரை படராமல் மல்லிகையா படரும்?

ஆள் ஊத்துக்கோட்டைப் பக்கம், நெல் விளைவிக்கிற குடும்பம். உடம்பில் எந்த அரிப்பு வந்தாலும் சீமையகத்தி இலையை எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைத்துப் பூசுவது அங்கே வழக்கம். காந்தும். காந்தினால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது அவனுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. வாடகை வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் அந்தச் செடி ஒன்று இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் நாலு இலை பறித்து அரைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான்.

மனைவி வினோதாவிடம் சொல்லவில்லை. வெட்கம். அவளுக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்தான். “உள்ள ஒரே புழுக்கமா கீது” என்றான். பன்னிரண்டு வருஷமாகப் புழுங்காதவனுக்குத் திடீரென்று புழுங்கியது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவனை இடுப்பைவிட அதிகமாக அரித்தது. மூன்று மாதத்தில் சோறு, தண்ணீர் தவிர வேறு பேச்சே வீட்டில் இல்லாமல் போயிற்று. இவள் என்னை வெறுத்துவிடுவாளோ என்று உள்ளூர நடுங்கினான்.

செடியும் அவனைச் சோதித்தது. அவன் பறிப்பது நாலு இலை. மறுநாள் பார்த்தால் ஒரு கிளையே மொட்டை. பக்கத்து வீட்டு ராஜமாணிக்கத்தின் ஆடுதான் என்று முடிவு கட்டி, அந்த வாயில்லா ஜீவனைத் தினமும் வாயாரத் திட்டினான்.

ஒரு இலைகூட மிஞ்சாத நாளில் அவன் மூளை வேலை செய்தது. இரும்புத் துருவையே தின்கிற ஆசிட் இதைத் தின்னாதா? கம்பெனித் தொட்டியிலிருந்து ஒரு மூடி எடுத்து, தண்ணீர் கலந்து இடுப்பில் தடவினான். காந்தின காந்தலில் நம்பிக்கையெல்லாம் பறந்துபோயிற்று. குழாயடியில் அரை மணி நேரம் நின்றான்.

அவன் சொன்னதைக் கேட்டு, தோல் உரிந்த இடத்தைப் பார்த்து, டாக்டர் ஹெலன் தலையில் அடித்துக்கொண்டார். “எலுமிச்ச சாறே தோலைப் புண்ணாக்கிடும். நீ கம்பிக்கு ஊத்தறத ஊத்திக்கினு வந்து நிக்கற. இது மனுஷத் தோலுப்பா!” கட்டுப் போட்டு, மாத்திரை எழுதினார். “வீட்ல எல்லாருக்கும் ஒரே துண்டுதானே? நாளைக்கு சம்சாரத்தயும் கூட்டினு வா. அவங்களயும் பாக்கணும். இல்லன்னா திரும்பத் திரும்ப வரும்.”

அன்று சாயங்காலம் வேறு வழியில்லாமல் சட்டையைத் தூக்கி வினோதாவிடம் இடுப்பில் போட்ட கட்டைக் காட்டினான்.

“படர்தாமரை. உனுக்கு ஒட்டிக்கப் போவுதுன்னுதான் தள்ளிப் படுத்துக்கினேன். வேற ஒண்ணும் இல்ல வினோ.”

வினோதா புடவையை முழங்கால்வரை தூக்கித் திரும்பி நின்றாள். காலின் பின்பக்கம் வட்டம் வட்டமாகப் படர்தாமரை. அதைச் சுற்றி எலுமிச்சை சுட்ட கறுப்புத் தழும்புகள்.

“நாலு மாசமாச்சு. நீ இதப் பாத்து அருவருத்துக்கினுதான் வெளிய போய்ப் படுக்கறேன்னு நெனச்சேன்யா.” அழுதுவிட்டாள். அவனுக்கும் கண் நிறைந்தது.

“அப்போ அந்தச் செடி?”

“நான்தான். நீ வேலைக்குப் போனப்புறம் பறிப்பேன்.” மூக்கைச் சிந்திக்கொண்டு கூடத்து மூலையைக் காட்டினாள். “அந்தப் பாயச் சுருட்டு. ரெண்டு பேருக்கும் இருக்கறப்போ இன்னும் இன்னா ஒட்டப் போவுது?”

திருமலை பாயைச் சுருட்டினான்.