கைநாட்டுக்காரனின் விண்ணப்பம்

விண்ணப்பப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன. வேலையில் இருப்பவர்கள் தங்கள் நிர்வாகத்தின் அனுமதியோடுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது ஒன்று. படிவத்தை விண்ணப்பதாரர் தம் கைப்படவே நிரப்ப வேண்டும் என்பது இன்னொன்று. என்னை மனதில் வைத்துக்கொண்டுதான் யாரோ இந்த இரண்டையும் அச்சடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படிப்பட்டது. தபால்காரர் ஒரு நாள் முன்னதாக வந்தாலும் ஏன் வந்தார் என்று யோசிப்பேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. நெய்வேலியில் மைன்ஸில் பெர்மனென்ட் ஆகி நான்கு வருடம் ஆகியிருந்தது. கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரி, திரும்பவும் பெல்ட்டிலேயே போடுவது என் வேலை. கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்துப் பல்கலைக்கழகத் தேர்வு எழுதலாம் என்ற செய்தியை வடை மடித்து வந்த பேப்பரில் பார்த்தேன். கக்கூஸில் தாழ் போட்டுக்கொண்டுதான் அதை வாசித்தேன். ஏனென்றால் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுவதும் அறிந்த விஷயம்.

உண்மையில் நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்களின் பிள்ளை. எங்கள் தெருவில் அதுவரை படித்தவன் நான் ஒருவன்தான். விருத்தாசலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துப் பாஸ் செய்துவிட்டு, மூன்று வருடம் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மனுவுக்கும் பதில் இல்லை. சுரங்கம் தோண்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வடக்குத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் போய் வரிசையில் நின்றேன். மேஸ்திரி வந்து, "படிச்சவங்கல்லாம் தனியா நில்லுங்க" என்றார். ஏழெட்டுப் பேர் பெருமையாக ஒதுங்கி நின்றார்கள். நானும் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் மேஸ்திரி மேசையிலிருந்த ஆளிடம், "படிச்சவன் மண்ணு வாரமாட்டான், நாலாம் நாளு சங்கம் வெச்சிகினு நிப்பான்" என்று சிரித்தது காதில் விழுந்தது. ஒதுங்கி நின்றவர்களிடம் "பெறவு சொல்லி அனுப்பறோம், போங்க" என்று சொல்லிவிட்டார்கள். எடுத்து வைத்த காலை நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மேசைக்கு வந்ததும், "கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்டார்கள். இடது கட்டைவிரலை நீட்டினேன்.

பெர்மனென்ட் ஆனபோது கொடுத்த தாளில், பொய்த் தகவல் தந்திருந்தால் வேலை போகும் என்று ஒரு வரி இருந்தது. அதை ஒன்றுக்கு இரண்டு முறை மனதுக்குள் வாசித்துவிட்டு அதன் கீழேயே விரலை அழுத்தினேன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ட்ரங்குப் பெட்டியில் மனைவியின் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. படித்தவன் என்று சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் படிப்பு போகும். இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டுப் படிவம் வரவழைத்தேன். பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொள்ள ஆசை. வேறு பெரிய நோக்கம் எதுவும் இல்லை. நோட்டீஸ் போர்டில் இருப்பதை ஃபோர்மேன் தப்புத்தப்பாக வாசித்துச் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு வெறுத்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். எங்கள் ஆஜரைக் குறிக்கும் டைம் ஆபீஸில் கிளார்க். எனக்குக் கடிதம் வந்தால் தபால்காரர் அதை நேராக அவரிடமே கொடுத்துவிடுவார். அவர் வாசிக்க, நான் பின்னால் நின்று கேட்பேன். அவர் வரிகளை விட்டுவிட்டு வாசிக்கிறார் என்பது எனக்கு வெகு சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஊரிலிருந்து என் அண்ணன், 'குவார்ட்டர்ஸ் கெடச்சதும் பெத்தவங்கள மறந்த நன்றி கெட்ட நாயே' என்று எழுதச் சொல்லியிருப்பார். தோளுக்கு மேலாக அது எனக்குத் தெளிவாகத் தெரியும். இவரோ, "எல்லாரும் சுகமா இருக்காங்களாம் தம்பி" என்று முடித்துவிடுவார். ஏன் மறைக்கிறார்? தனியாக வைத்துச் சிரிக்கவா, ஆபீஸில் போய்ச் சொல்லவா? கேட்கவும் முடியாது. கேட்டால் நான் வாசித்தது தெரிந்துவிடும்.

பல்கலைக்கழகத்தின் நீளக் கவரும் அவர் கைக்குத்தான் போனது. முத்திரையையும் 'விண்ணப்பப் படிவம்' என்ற அச்சையும் பார்த்துவிட்டு, "யுனிவர்சிட்டியிலேருந்துல்லா வந்திருக்கு, திறக்கட்டா?" என்றார்.

"வேணாங்க சார். என் மச்சானுக்கு வந்திருக்கும்."

"உங்க பேருல்லா போட்டிருக்கு."

"அவன் ஒரு எடத்துல நெலையா இருக்கறதில்லீங்க. அதான் நம்ம அட்ரஸ் குடுத்திருப்பான்."

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேசாகச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, "உங்களுக்கு இப்ப என்ன வயசு தம்பி?" என்று போகிற போக்கில் கேட்டார். அந்த வாரமே, ஆட்களின் பதிவேடுகள் இருக்கும் பர்சனல் செக்ஷன் வாசலில் ஒருவரிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். கவரைப் பார்த்துவிட்டார், வயதைக் கேட்டுவிட்டார், பதிவேடு இருக்கும் இடத்துக்கும் போய்விட்டார். இதற்குமேல் என்ன வேண்டும்? வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் ஜன்னல் வழியாக அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி, "இன்னாத்துக்கு அந்த மனுசன இப்பிடி மொறச்சிப் பாத்துகினே இருக்கீங்க? அவரு உங்கள இன்னா பண்ணாரு?" என்று கேட்டாள். அவளும் அவர் மனைவியும் நன்றாகப் பேசிக்கொள்வார்கள். இவள் ஏதாவது உளறியிருப்பாளோ என்று அவள்மேலும் ஒரு கண் வைத்தேன்.

அவர் என்னைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அவர் சொன்னால் எடுபடாதபடி செய்துவிட வேண்டும். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த தப்பு ஒன்றே ஒன்று. என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று முதல் ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நான் சரியான நேரத்துக்கு வந்ததாகவே குறித்துக்கொண்டார். அதைத்தான் நிர்வாகத்துக்கு எழுதினேன். என் பேரை விட்டுவிட்டு, 'வேண்டியவர்களுக்கு இஷ்டம்போல் ஆஜர் போடுகிறார்' என்று எழுதினேன். படிவம் கேட்டு எழுதிய ஒரு கார்டைத் தவிர, ஏழு வருடமாகப் பேனா பிடிக்காத கை என்னுடையது. எழுத்துகள் ஹாஸ்டலில் எழுதியது போலவே அழகாக வந்ததில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கையெழுத்தை மாற்றி எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் கையெழுத்தை இங்கே பார்த்தவர் யார்? வார லீவில் பண்ருட்டிக்குப் பஸ் ஏறிப் போய் அந்த மொட்டைக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாளில் விசாரணை வந்தது. எங்கள் செக்ஷன் ஆட்கள் எல்லோரையும் ஆபீஸ் முன்னால் நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதச் சொன்னார்கள். என் முறை வந்தது. அதிகாரி பட்டியலைப் பார்த்துவிட்டு, "கைநாட்டா? நீ போய்யா, வேலையப் பாரு" என்றார். அத்தனை பேரில் யாருமே சந்தேகப்படாத ஆள் நான் ஒருவன்தான். கவரில் பண்ருட்டி முத்திரை இருந்ததால், எல்லோர் கண்ணும் கிரேனில் வேலை செய்த திருவதிகைக்காரர் மேல் போனது. அவர் வீடு பண்ருட்டிக்குப் பக்கத்தில் என்பது தவிர வேறு காரணம் இல்லை. அவர் வந்து உட்கார்ந்தால் டீக்கடை பெஞ்சில் மற்றவர்கள் எழுந்து போனார்கள். நானும் எழுந்து போனேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

எழுதியவர் யார் என்று தெரியவில்லை. ஆனால் பதிவேட்டில் இரண்டு இடத்தில் திருத்தம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரை டைம் ஆபீஸிலிருந்து எடுத்து, சுரங்கத்து ஓரத்துப் பம்ப் ஷெட்டில் ஷிப்ட் வேலைக்குப் போட்டார்கள். வெள்ளைச் சட்டையோடு போய்க்கொண்டிருந்த மனிதர் சேறு படிந்த பூட்ஸோடு திரும்பி வர ஆரம்பித்தார். நான் ஆறுதல் சொல்லப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வருமே!

"அதிகாரி அந்தக் கடுதாசிய எங்கிட்ட காட்டுனாரு தம்பி" என்றார் அவர். "முத்து முத்தா இருந்துச்சு எழுத்து. இனி எங்க பாத்தாலும் நான் கண்டுபிடிச்சிருவேன்."

"எவன் பண்ண வேலையோ சார்" என்றேன்.

படிவத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. டைம் ஆபீஸில் இனி அவர் இல்லை. அதனால் துணிந்து எதையாவது செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், ஷிப்ட் முடிந்து வந்த அவர் குளித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

"அந்தப் படிவத்த அனுப்பிட்டீங்களா?"

"எந்தப் படிவங்க சார்?"

"இன்னும் ஏன் ஒளிக்கீங்க? உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு ரெண்டு வருசமா எனக்குத் தெரியும். லெட்டர் வாசிக்கையில ஏதாவது கெட்ட வார்த்த இருந்தா, ஏன் உங்க மனச நோகடிக்கணும்னு விட்டுருவேன். ஆனா உங்க கண்ணு அந்த வரியிலயே நிக்கும்."

அவரே தொடர்ந்து சொன்னார். ஆள் எடுக்கும்போது படிப்பை மறைத்தவன் நான் மட்டும் இல்லையாம். என்னைப் போல் மூன்று பேர் ஏற்கெனவே தாங்களாகவே போய் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு, எச்சரித்து விட்டுவிட்டு, பதிவேட்டைத் திருத்திவிட்டார்கள். யாருக்கும் வேலை போகவில்லை.

"பர்சனல்ல உங்க பேரச் சொல்லாம விசாரிச்சு வச்சேன். வயசு கேட்டதும் அதுக்குத்தான். அந்தப் பரீட்சைக்கு வயசு வரம்பு ஏதும் இருக்குமோன்னு பாத்தேன். உங்ககிட்ட சொல்லுததுக்குள்ள என் பாடே பெரும்பாடாப் போச்சு." சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைத் தாளை எடுத்து விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "இப்பவே எழுதிக் கொடுங்க. நானே கொண்டுபோய்க் கொடுத்துருதேன். அனுமதியும் வாங்கிரலாம்."

ஏழு வருடம் நான் தேடிய வழி அந்தத் தாளில் இருந்தது. எழுத வேண்டியது நாலு வரி. 'ஐயா' என்று ஆரம்பித்தால் போதும், இரண்டாம் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அந்த நிமிடத்திலும் என் புத்தி போன போக்கைச் சொல்லிவிடுகிறேன்: இவர் என் கையெழுத்தை வாங்கத்தான் வந்திருக்கிறாரோ, மூன்று பேர் கதையே பொய்யோ என்று நினைத்தேன். நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்க சார்" என்றேன்.

அவர் பேனாவை நீட்டியபடியே இருந்தார். "படிக்கத் தெரியும், எழுதத் தெரியாதா?" என்று கேட்டார். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துபோனது எனக்குத் தெரிந்தது. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டேன் தம்பி" என்றார். "அந்தத் திருவதிகைக்காரரக்கூட. உங்க ஒருத்தரத்தான் விட்டு வச்சிருந்தேன்."

என் மனைவி காபி டம்ளரோடு வெளியே வந்தபோது அவர் படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். "இன்னாங்க, காபி குடிக்காமகூடப் போறாரு?" என்று கேட்டாள். வேலையிருக்கிறதாம் என்று சொன்னேன்.

படிவத்தை நான் அனுப்பவில்லை. மொட்டைக் கடிதத்தைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிடுவார் என்று, அவர் ஊரோடு போன நாள் வரைக்கும் நான் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.