கல்லில் வெட்டாத பெயர்

என் தம்பி ஆர்ன்ஃபின் மலைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் கடற்குடாவான எங்கள் ஃபியோர்டைக் கடக்கும் ஃபெர்ரியில் கார்களை வரிசையாக நிறுத்தும் வேலை பார்க்கிறான். மஞ்சள் மழைக்கோட்டும் கையசைப்பும்தான் ஊருக்குத் தெரிந்த ஆர்ன்ஃபின். அவனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஜன்னலைத் தாழ்த்துகிறவரின் முகத்தைப் பார்த்து, "நீங்க மேல்பள்ளத்தாக்கு தைலண்ட் வீட்டுக்காரங்களா? அந்தப் புருவம் வேற எங்கேயும் கிடையாதே" என்பான். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஃபெர்ரிக் கடையில் ஸ்வேலே அப்பம் சுடுகிற பெண் இதற்காகவே வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்ப்பாள்.

ஊரில் எல்லோருடைய வேரையும் சொல்லத் தெரிந்த அவனுக்குத் தன் வீட்டு வேர் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் எழுதமாட்டான். கேட்டால், "அதுல என்னக்கா இருக்கு, தேடுனேன் கிடைச்சுது" என்பான். கிடைத்தது அத்தனை சாதாரணமானதல்ல.

எல்லாம் அம்மாவின் கல்லறைக் கல்லில் தொடங்கியது. அம்மா மார்கித் இறந்தபோது, கல்லில் 'மார்கித்' என்று மட்டும் வெட்டினால் போதும் என்றார் அப்பா. குடும்பப் பெயர் வேண்டாம். எங்கள் சர்ச் வளாகத்தில் குடும்பப் பெயர் இல்லாத கல் ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கென்று கீழே விட்ட இடம் வழவழவென்று காலியாகக் கிடந்தது. அவருக்கு எண்பத்தொன்பது வயது, இதயமும் பலவீனம். ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் அப்படியே போடுங்க. ராக்ன்வால். அவ்வளவுதான்."

"ஓர்விக்னு சேத்துப் போட்டா என்னப்பா குறைஞ்சுடும்?" என்றான் ஆர்ன்ஃபின்.

"குறையாதுடா. அதிகமாயிடும்."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனார். தம்பியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அப்பா போவதற்குள் அந்தப் பெயர் அவருடையதுதான் என்று காட்டிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டான்.

ஓர்விக் என்பது கரையோரம் இருக்கும் பண்ணையின் பெயர். மேல்வீட்டில் குட்முண்ட் ஓர்விக் இருக்கிறார். கீழே, படகுக்கொட்டகைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. குட்முண்டின் அப்பாவும் எங்கள் தாத்தா எலியாஸும் அண்ணன் தம்பிகள் என்றே நாங்கள் வளர்ந்தோம். குட்முண்டுக்கு ஒரு பழைய கேலி உண்டு: "உங்க தாத்தா மீன் பீப்பாயில வந்தவருடா!" எலியாஸ் தாத்தா வாழ்நாள் முழுக்க ஹெர்ரிங் மீன்பிடித்தவர், அந்த நாற்றத்தைச் சொல்கிறார் என்று நாங்கள் சிரிப்போம். அப்பாவும் கூடச் சிரிப்பார். ஆனால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதை நாங்கள் கவனித்ததில்லை.

தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இணையத்தில் கிடக்கின்றன. நூறு ஆண்டுகள் ஆனால்தான் ஒரு கணக்கெடுப்பைத் திறந்துவிடுவார்கள். அதனால் அப்போது 1910 வரைதான் பார்க்க முடிந்தது. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் தம்பி என் சமையலறை மேசையில் உட்காருவான். அவன் வாசிப்பான், நான் எழுதி ஒழுங்குபடுத்துவேன். ஓர்விக், ஓர்விக் என்று பின்னோக்கிப் போனோம். 1910, 1900, 1865, 1801. ஓர்விக்கில் ஓலா, ஓர்விக்கில் கெர்த்ருத், ஓர்விக்கில் இன்னொரு ஓலா. எத்தனை மாடு, எத்தனை ஆடு, யார் குருடு, யார் விதவை என்பதுவரை இருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் மையைத் தொட்டுத் தொட்டு எழுதிய ஆட்டுக்கணக்கு என் மேசையில் வந்து நிற்பதைப் பார்த்து நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரே ஓர் இடறல். 1910இல் ஓர்விக் பண்ணையில் எலியாஸ் என்ற குழந்தை இல்லை. அப்போது தாத்தாவுக்கு இரண்டு வயது இருக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கலாமென்றால், அந்த வருடங்களின் சர்ச் புத்தகம் ஒரு தீயில் போய்விட்டது.

"எண்ண வந்தவன் விட்டுட்டான். குழந்தை தொட்டில்ல தூங்கிட்டிருந்திருக்கும்," என்றான் தம்பி.

நானும் சரி என்றேன். இந்த ஊரில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அந்தக் காலத்தில் இங்கே ஒருவனுக்குத் தன் பெயர், மகன் என்று பொருள்படும் 'சன்' சேர்த்த அப்பாவின் பெயர், அதோடு அவன் குடியிருக்கும் பண்ணையின் பெயர் என்று மூன்று உண்டு. பண்ணை மாறினால் பெயரும் மாறும். கூலிக்கு வந்தவனும் அந்தப் பண்ணையின் பெயராலேயே அழைக்கப்படுவான். பள்ளியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த விஷயம்தான். அடுத்த வீட்டு வேரைத் தேடும்போது சரியாக நினைவிருக்கும். நம் வீடு என்று வந்தால் மட்டும் பெயர் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று நம்பிவிடுவோம்.

சந்தேகமே இல்லாமல் முடித்துவிட வேண்டும் என்று தம்பி மரபணுப் பரிசோதனைக்கு இரண்டு பெட்டிகள் வரவழைத்தான். ஒன்று குட்முண்டுக்கு, ஒன்று அப்பாவுக்கு. அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்துவிட்டு, ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்ப வேண்டும்.

"காபி இல்லாம அரைமணி நேரமா? இது மருத்துவமா தண்டனையா?" என்றார் அப்பா.

"துப்புங்கப்பா."

"எண்பத்தொன்பது வயசுல எங்கடா எச்சில் ஊறும். குட்முண்ட் முகத்தை நெனச்சுக்கிட்டுத் துப்பட்டுமா?"

குட்முண்ட் அங்கேயேதான் இருந்தார். அவர் குழாய் எப்போதோ நிறைந்திருந்தது. "அண்ணே, பாத்துத் துப்புங்க. உள்ளேர்ந்து மீன் வந்துடப் போவுது!"

அப்பா சிரித்தார். பிறகு எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். குழாயை நான்தான் மூடினேன்.

முடிவு வந்த அன்று தம்பி என் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்கு எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்க வேண்டும். குட்முண்டுக்கும் அப்பாவுக்கும் இருந்தது பூஜ்யம்.

"பெட்டி மாறிப்போச்சுக்கா. லேப்ல ஏதோ குழப்பம்."

"அப்பாகிட்ட கேட்டியா?"

கேட்கப் போனோம். அப்பா படகுக்கொட்டகையில் வலைமிதவைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தம்பி சொல்லி முடித்ததும் கையிலிருந்த மிதவையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குத் தெரியும்டா. எங்கப்பா ஒரே ஒரு தடவை சொன்னார், படகுல போறப்ப. நான் இவங்க புள்ள இல்லடா, வடக்கே ஒரு தீவுலேர்ந்து ஓர்விக் படகுக்காரர் என்னைக் கூட்டிட்டு வந்தாருன்னார். தீவு பேரு தெரியாது. ஒரு மரம்கூடக் கிடையாதாம். ஒரு அக்கா இருந்தாளாம், தொப்பியைக் காதை மூடி கட்டிவிடுவாளாம். அவ்வளவுதான் ஞாபகம். நாலு வயசுப் புள்ளைக்கு வேற என்ன ஞாபகமிருக்கும்?"

"ஏம்பா இவ்வளவு நாளும் சொல்லல?"

"எதைச் சொல்றது? ஓர்விக்ங்கறது இரவல் சட்டைடா. உயிரோட இருக்கறவரைக்கும் போட்டுக்கலாம், ஒண்ணும் தப்பில்ல. அதைக் கல்லுல வெட்டக் கூடாது."

மரமில்லாத தீவுகள் எங்கள் நாட்டின் வடகரையில் ஆயிரக்கணக்கில் உண்டு. தம்பி சோர்ந்துபோவான் என்று நினைத்தேன். அவனோ, "டிசம்பர்ல 1920 தொறக்கறாங்க" என்று மட்டும் சொன்னான்.

டிசம்பர் முதல் தேதி நாடு முழுக்க அவனைப் போன்றவர்கள் ஒரே நேரத்தில் அந்தக் கதவைத் தள்ளியிருக்க வேண்டும். பக்கம் திறக்கவே மாட்டேன் என்றது. ஒருவழியாக ஓர்விக் பண்ணை வந்தது. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள். கடைசி வரியில், எல்லோருக்கும் கீழே: எலியாஸ் ஜோஹன்சன். உறவு, வளர்ப்பு மகன். பிறந்த இடம், சான்வேர்.

நான் மூன்று முறை வாசித்தேன். நூறு வருடம் பூட்டிவைத்த வரி. தாத்தாவுக்கே தெரியாமல் போன அவர் தீவின் பெயர், எண்ண வந்தவனிடம் யாரோ அந்தப் பண்ணையில் சொல்லியிருக்கிறார்கள். அவன் எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.

தம்பி உடனே அப்பாவின் மரபணுப் பக்கத்தைத் திறந்தான். அதில் அப்பாவுக்குச் சொந்தம் என்று காட்டுகிறவர்களின் பட்டியல் உண்டு. முன்பு அவன் அதில் குட்முண்டை மட்டுமே தேடியிருந்தான், இல்லையென்றதும் கோபத்தில் மூடிவிட்டான். மேலே முதல் ஆளாக இருந்தவர் யோர்திஸ் என்ற பெண்மணி. எட்டில் ஒரு பங்கு. ஊர் என்ற இடத்தில் சான்வேர் என்று போட்டிருந்தது.

"அக்கா," என்றான். திரையை என் பக்கம் திருப்பினான்.

போனில் முதலில் பேசியது நான்தான். அந்தப் பக்கம் வடக்கத்திப் பேச்சு, கொஞ்சம் கரகரத்த குரல்.

"எலியாஸா? எங்கம்மாவோட தம்பியா?" என்று கேட்டார். பிறகு, "இரும்மா, நான் உக்காந்துக்கறேன்" என்றார்.

அவருடைய அம்மா ஹன்னா. ஹன்னாவின் அப்பா கடலில் மூழ்கி இறந்து, அம்மா நோயில் கிடந்தபோது அவரை வேறொரு தீவில் வேலைக்கு விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது தம்பியை எங்கள் மேற்குக் கரையிலிருந்து வந்த ஒரு படகு கொண்டுபோயிருந்தது. எந்தப் படகு என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு ஹெர்ரிங் பருவத்திலும் ஹன்னா துறைமுகத்துக்குப் போய், மேற்கிலிருந்து வரும் படகுகளில் எல்லாம் கேட்பாராம்: எலியாஸ் ஜோஹன்சன் என்று யாராவது உண்டா?

"இல்லன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்களாம்," என்றார் யோர்திஸ். "சாகறவரைக்கும் கேட்டா. அதனாலதான் இந்தச் சோதனை வந்ததும் நான் துப்பிவெச்சேன். அம்மாவுக்காக."

இல்லை என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தவர் எலியாஸ் ஓர்விக். பண்ணை தந்த பெயர் அவரை அவருடைய அக்காவிடமிருந்தே மறைத்துவிட்டது. தாத்தாவும் குளிர்காலம்தோறும் அதே கடலில்தான் மீன்பிடித்தார். அந்தத் துறைமுகத்தில் இருவரும் தோளோடு தோள் உரசி நடந்திருக்கலாம். 

கோடையில் யோர்திஸ் வந்தார். எந்த ஃபெர்ரியில் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அக்கரையில் தம்பி கார்களை ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு சிவப்புக் காரின் ஜன்னல் தாழ்ந்தது. ஓட்டி வந்தது மகள். பக்கத்து இருக்கையில் எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அப்பாவின் கண், அப்பாவின் தாடை, பேச ஆரம்பிக்குமுன் அப்பா செய்வதுபோல் வாயை ஒருபுறமாக இழுத்துக்கொள்ளும் பழக்கம்கூட. தம்பியின் கை பாதி அசைவில் நின்றுவிட்டது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"நீங்க யாரு வீட்டுக்காரங்கன்னு நான் சொல்லட்டுமா?" என்று கேட்டானாம். கேட்கும்போதே அழுதுவிட்டான் என்று பிறகு கடைக்காரப் பெண் சொன்னாள். அவன் சொல்லவில்லை.

அப்பா வாசலில் நின்றிருந்தார். தன் அத்தை மகளை எண்பத்தொன்பது வயதில் முதன்முதலாகப் பார்க்கிறார். இருவரும் கைகுலுக்கினார்கள். பிறகு கையை விடவில்லை.

"உனக்கும் காது பெருசு. தம்பிக்குக் காது பெருசுன்னு அம்மா சொன்னது சரிதான், அதான் தொப்பியை இறுக்கிக் கட்டிவிட்டிருக்கா," என்றார் யோர்திஸ்.

"குளிர் இன்னும் போகல, தொப்பி இப்பவும் வேணும்," என்றார் அப்பா.

அன்று குட்முண்டும் வந்திருந்தார். வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் அவர் மனைவி கொடுத்தனுப்பியது. தம்பி அவரிடம் அதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அப்போது சொன்னான். 1801ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் 1865ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், ஓர்விக்கில் கெர்த்ருத் என்ற அந்த விதவை மூன்று கணவர்களைக் கண்டவள் என்று தெரிந்தது. மூவரும் வெளியூர். மூவரும் வாசற்படியைத் தாண்டியதும் ஓர்விக் ஆகிவிட்டார்கள். குட்முண்டின் வழி மூன்றாமவனிடமிருந்து வந்தது. அவன் உள்நாட்டு மலைப்பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஆடு மேய்ப்பவன்.

குட்முண்ட் வாஃபிளைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"அப்ப நானும் இரவல் சட்டைதானாடா?"

"உன்னோடது இருநூறு வருசப் பழசு. அதான் கிழிசல் தெரியல," என்றார் அப்பா.

குட்முண்ட் முதலில் சிரிக்கவில்லை. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இனிமே உங்களை பீப்பாய்னு கூப்பிட முடியாதேண்ணே."

"கூப்பிடு, கூப்பிடு. பீப்பாய் எந்தத் துறையிலேர்ந்து வந்துச்சுன்னுதான் இப்ப தெரிஞ்சுபோச்சே."

மறுநாள் அப்பா எங்கள் இருவரையும் யோர்திஸையும் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். அம்மாவின் கல்லருகே கைத்தடியை ஊன்றி நின்றார். காலியான இடத்தைத் தடியால் காட்டினார்.

"ஓர்விக்னே வெட்டச் சொல்லு ஆர்ன்ஃபின். உங்கம்மாவுக்கும் சேத்து."

"சான்வேர்னு போட வேணாமாப்பா? அதுதானே நம்மளோட..."

"அதையும் போடு. கீழ, சின்ன எழுத்துல. பொறப்பு சான்வேர், எலியாஸ் ஜோஹன்சன் மகன்னு." அவர் யோர்திஸைப் பார்த்தார். "ஒருத்தி வாழ்நாள் பூரா ஒரு பேரைச் சொல்லித் தேடியிருக்கா, நாங்க வேற பேருல உக்காந்திருந்தோம். இனி யாராவது தேடிட்டு வந்தா, எந்தப் பேரைச் சொல்லித் தேடினாலும் கிடைக்கணும்."

கல் வெட்டுகிறவர் அத்தனை எழுத்து அந்த இடத்தில் அடங்காது என்றார். தம்பி ஒரு தாளில் அளந்து வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தான். கார்களை நிறுத்துகிறவனுக்கு இடம் பார்க்கத் தெரியாதா? அடங்கியது. இறப்புத் தேதிக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். அப்பா வாரம் ஒருமுறை போய், எழுத்தில் பாசி பிடிக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.