ஒப்புக்கொண்டவனுக்கு ஆறு மாதம்

என் தம்பி பீங்கான் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டினான். ஒரு நாள் வேப்பூர் ரோட்டில் போகும்போது, அடித்த போனைக் குனிந்து பார்த்திருக்கிறான். ஓரமாகச் சைக்கிளில் போன விவசாயி ஒருவர் மேல் வண்டி மோதிவிட்டது. தம்பி தப்பி ஓடவில்லை. அவரைத் தன் வண்டியிலேயே படுக்கவைத்து விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். வழியிலேயே அவர் உயிர் போயிருந்தது.

சாட்சி பலமாக இல்லை, வழக்கை நடத்திப் பார்க்கலாம் என்றார் வக்கீல்.

“போனப் பாத்தது நாந்தான் சார். இல்லைன்னு எப்படிச் சொல்றது?” என்றான் தம்பி.

“ஒத்துக்கிட்டா கொறைச்சுக் குடுப்பாங்க. இதுவரைக்கும் உன் மேல ஒரு கேஸு கெடையாது, அதையும் சொல்லுவேன். ஆனா வுட்டுருவாங்கன்னு நெனைக்காத.”

வக்கீல் கடைசியாகச் சொன்னது எங்கள் யார் காதிலும் ஏறவில்லை.

கோர்ட்டில் தம்பி கூண்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். குடிக்காதவன், அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடாதவன் என்று வக்கீல் எடுத்துச் சொன்னார். கம்பெனி முதலாளியும் வந்து அவன் ஒழுக்கத்துக்கு உறுதி சொன்னார். நீதிபதி அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“இதையெல்லாம் பாத்துத்தான் கொறைச்சிருக்கேன். ஆனா ஒரு உயிர் போயிருக்குப்பா” என்றார். ஆறு மாதம் சிறை.

வெளியே வராந்தாவில் இறந்தவரின் மகள் நின்றிருந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

“உங்க தம்பி நல்லவருன்னு எல்லாரும் சொன்னாங்க. இருக்கட்டுங்க. எங்கப்பாவும் நல்லவருதான். அத யாரும் கேக்கலையே.”

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

போலீஸ்காரர்கள் தம்பியை அழைத்து வந்தார்கள். “அப்பீல் போவலாமாடா?” என்றேன்.

“வேணாங்க்கா. கொறைச்சதே பெருசு. நீ வூட்டுக்குப் போ.”

வேன் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

“ஒத்துக்கிட்டான் இல்ல?”

“ஒத்துக்கிட்டாம்மா.”

“அப்புறம் ஏன் நீ மட்டும் வர்ற?” என்றாள்.