மாதாவை ஆஃப் பண்ணியவர்

என் மகள் முதன்முதலாக ரேடியோவில் பேசிய பத்து நிமிஷமும் என் காரில் வெறும் கரகரப்பாகவே போனது. ஷோரூமில் கேட்டால், "உங்க ஊர்ப்பக்கம் சிக்னல் அப்படித்தான் சார்" என்கிறார்கள். எங்கள் ஆவூர் என்ன, நடுக்காட்டிலேயா இருக்கிறது? அந்தக் கோபத்தோடுதான் புதுக்கோட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன்.

நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் ஒரு சின்ன ரேடியோ. எந்தக் காருக்குள் ஏறினாலும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிடுவாராம். அவருடைய ரேடியோ வெளியில் தெளிவாகப் பாடியது. டேஷ்போர்டு அருகே கொண்டுபோனதும் கரகரத்தது. அங்கே நின்ற மாதா சொரூபத்தையும், பாதத்தில் மினுக்கிய லைட்டையும் பார்த்தார்.

"மாதாவைக் கொஞ்சம் ஆஃப் பண்ணட்டுங்களா?"

"என்னங்க, மாதா மேலயே பழியைப் போடுறீங்க?" என்று பாய்ந்தேன்.

"மாதா ஒண்ணும் பண்ணலைங்க. காலுக்குக் கீழ இருக்குற லைட்டுதான் பண்ணுது."

ஒயரைப் பிடுங்கினார். கரகரப்பு நின்றது. கார் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. கார் எடுத்த அன்றைக்கு அந்த லைட்டு மாதாவை ஓசியில் வைத்துக் கொடுத்ததே ஷோரூம்காரர்கள்தான்! ஸ்டியரிங்கைக் குத்தி, வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "எறங்கி நின்னு திட்டுங்க சார். மாதா இருக்காங்கள்ல."

திருநீறு பூசிய மனிதர் சொல்லி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற நான் காரை விட்டு இறங்கினேன். மீதியை ரோட்டில் நின்று திட்டித் தீர்த்தேன்.